பேர் சொன்னாத்தான் புகார்

முதல் நாளே அந்த சூப்பர்வைசர் ஆரம்பித்துவிட்டார். செடி நர்சரியின் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவள் தோள்பையைக்கூட இன்னும் இறக்கிவைக்கவில்லை. ஒரு தொட்டியைத் தூக்கி அவள் மூக்குக்கு நேராக நீட்டி, "இது என்ன?" என்றார்.

"செம்பருத்தி சார்."

"செம்பருத்தியா? அப்படி ஒரு செடி நம்ம ரெஜிஸ்டர்லயே இல்லையேம்மா." சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார், சிரிங்கப்பா என்பதுபோல. "ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். எங்கே, சொல்லு பார்க்கலாம்."

சொன்னாள். பாதி வழியில் நாக்கு சுளுக்கிக்கொண்டது. சுற்றி நின்ற ஆறு பேரும் கைதட்டாத குறையாகச் சிரித்தார்கள். நாற்பத்தோரு வயதுப் பொம்பளையை முதல் நாளே நடுவில் நிறுத்திவைத்துச் சிரிக்கிறோமே என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! ம்ஹூம்.

அவளுக்குக் காது நுனிவரை சூடேறியது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்பது அந்த இடத்தில் அப்போது யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பத்தொன்பது வருஷம் நாத்தனாருடைய தையல் கூடத்தில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்தவள் அவள். காலர் மட்டும்தான். கை வைப்பது ஒருத்தி, பட்டன் கட்டுவது இன்னொருத்தி. முழுச் சட்டையை அவள் பார்ப்பதே மூட்டை கட்டும்போதுதான். ஒரு நாள் மதியம் ஜன்னலோரம் யாரோ ஒடித்துப் போட்டிருந்த ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் சொருகிவைத்தாள். மூன்றாவது வாரம் அது துளிர்த்தது. அவ்வளவுதான், அதற்கப்புறம் காலர் வைக்க அவளுக்குக் கையே ஓடவில்லை.

"நர்சரி வேலைக்குப் போறேன்னு குதிக்கிறியே, நாலு செடிக்குப் பேர் தெரியுமா உனக்கு?" என்றார் கணவர். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எதற்கும் ஒரு கெடு வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "ஆறு மாசம் உன் இஷ்டம். அங்கே நிரந்தரம் பண்ணாங்கன்னா நான் வாயே திறக்க மாட்டேன். பண்ணலைன்னா மறுபேச்சு பேசாம என் தங்கச்சிகிட்ட திரும்பப் போயிடணும். அவ உன் மெஷினை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கா."

"சரி" என்றாள். அந்த ஒரு சரிக்காக அப்புறம் எத்தனை தடவை தன் தலையிலேயே அடித்துக்கொண்டாளோ, அவளுக்குத்தான் தெரியும்.

நர்சரியில் அந்த சூப்பர்வைசருக்கு எல்லாரும் வைத்திருந்த பேர் அகராதி. ரெண்டாயிரம் செடிகளின் பேரைப் புத்தகம் பார்க்காமல் சொல்வார், அதனால் அந்தப் பேர் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்கிற காரணம் வேறு. சரியான அகராதி பிடித்த ஆள். புதிதாக வருகிறவர்களுக்கு ஆறாவது மாசம் ஒரு பரீட்சை வைப்பார். அறுபது பாட்டிலில் அறுபது குச்சி, அட்டை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் செடியின் முழுப் பேரை, புத்தகத்தில் உள்ள பேரை எழுத வேண்டும். நாற்பது சரியாக இருந்தால் நிரந்தரம், குச்சிக் கூடத்துக்குள் வேலை. ஒடித்த குச்சிகளுக்கு வேர் பிடிக்கவைக்கிற கூடம் அது. அங்கே போகத்தான் அவள் வந்ததே. நாற்பது வராவிட்டால் மறுபடி ஆறு மாசம் தற்காலிகம், மண் கலக்கும் கொட்டகை.

அவளுக்கும் ஒரு பேர் வைத்தார்கள். காலரக்கா. அதையாவது அன்பாகத்தான் சொன்னார்கள்.

நாலாவது மாசம் அவளுக்குப் பதினேழாம் வரிசையில் நுனி கிள்ளுகிற வேலை கொடுத்தார்கள். நுனியைக் கிள்ளிவிட்டால்தான் செடி பக்கவாட்டில் கிளைவிட்டு அடர்ந்து வளரும். முழங்கை உயரம், ஒல்லி இலை, பளபளப்பான பச்சை, இருநூறு தொட்டி. வரிசைத் தலையில் நட்டிருந்த அட்டையில் போடோகார்பஸ் மேக்ரோஃபில்லஸ் என்று எழுதியிருந்தது. நல்ல வேலிச் செடி, கேட் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு அதே பேரில் ஒரு வேலி நிற்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் அவள் உள்ளே வருவாள்.

முதல் நுனியைக் கிள்ளினதும் விரலில் வெள்ளையாகப் பால் ஒட்டியது. ரெண்டாவதிலும் பால். அவளுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. பேர் தெரியாதே தவிர, தொட்டதை மறக்கிற கை இல்லை அவளுடையது. ஒரே நிறத் துணி ரெண்டைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி எது எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று சொல்கிறவள். கேட் ஓரத்து வேலியின் இலை விறைப்பாக, தடித்து இருக்கும். இது தொய்வாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் போய் அந்த வேலியில் ஒரு நுனியைக் கிள்ளிப் பார்த்தாள். ஒரு சொட்டுப் பால் இல்லை.

ஆபீஸ் சுவரில் ஆணியில் தொங்கும் புகார்ச் சீட்டுப் புத்தகம். பூச்சி அடித்தாலும் அட்டை மாறினாலும் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டு எழுதினால்தான் அந்த வரிசையிலிருந்து யார் யாருக்கு என்ன போயிற்று என்று தேடிப் பிடித்து அவர்களுக்குப் போன் பண்ணுவார்கள். எழுதாவிட்டால் எதுவும் நகராது. அவள் புத்தகத்தை எடுத்ததும் அகராதி நாற்காலியைத் திருப்பினார்.

"என்னம்மா புகார்?"

"பதினேழுல அட்டையில இருக்கிற செடி இல்ல சார். வேற ஏதோ இருக்கு."

"ஓஹோ. வேற என்ன இருக்கு?"

"பேர் தெரியல சார். ஆனா கிள்ளினா பால் வருது. கேட் ஓரத்து வேலியில வரல. இலையும் வேற மாதிரி."

"ரெண்டாவது கட்டத்துல என்ன போட்டிருக்கு, படி."

படித்தாள். "செடியின் பேர்."

"பேர் தெரியாம புகாரை எங்கே எழுதுவே? என் நெத்தியிலயா?" என்றார். கணக்கு எழுதும் கிளார்க் களுக்கென்று சிரித்தான். அகராதிக்கு அது போதவில்லை. எழுந்து, அவளையும் கூப்பிட்டுக்கொண்டு, பதினேழாம் வரிசைவரை நடந்தார். வரிசைக்குள் இறங்கவில்லை. செருப்பில் சேறு படக் கூடாது பாருங்கள்! பாதையிலேயே நின்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அட்டையைச் சத்தமாகப் படித்தார். "போடோகார்பஸ். மேக்ரோஃபில்லஸ். போதுமா? பேர் சொன்னாத்தான் புகார். முதல்ல பேரைக் கத்துக்க, அப்புறம் எனக்குப் பாடம் எடுக்க வா." திரும்பிப் போயே போய்விட்டார்.

ஒரு இலையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை அந்த மனுஷன்.  அட்டையைப் பிடுங்கி அவர் முதுகில் எறியலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கையில் பால் பிசுபிசுத்துக்கொண்டிருந்ததால் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். மூன்று தடவை கழுவினாள்.

அன்றைக்குப் படிக்க ஆரம்பித்ததுதான். ஆசையில் படிக்கவில்லை, கடுப்பில் படித்தாள். நர்சரிக் கையேட்டைக் கையோடு வைத்துக்கொண்டு பஸ்ஸில் படித்தாள், அடுப்படியில் படித்தாள், துணி காயப்போடும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். கணவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால், "டுராண்டா எரெக்டா!" என்று கத்துவாள். செருப்பைக் கூடத்தின் நடுவில் விட்டுவிட்டு வந்தால், "முராயா பானிகுலாட்டா!"

"என்னடி, திட்டுறியா?"

"இல்ல, படிக்கிறேன்."

"திட்டுற மாதிரியே இருக்கே."

"அதுவும்தான்."

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கையேட்டில் ஒரு படத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதே ஒல்லி இலை, அதே தொய்வு. ஒடித்தால் பால் வரும் என்று போட்டிருந்தது. பொன்னரளி. கஸ்காபெலா தெவேசியா. அதற்குக் கீழே இருந்த வரியை ரெண்டு தடவை படித்தாள்: இலை, பூ, விதை, பால், எல்லாமே விஷம்.

அந்தப் பேரை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். எங்கே? அடக் கடவுளே, பதினெட்டாம் வரிசை அட்டையில்! மறுநாள் காலை முதல் வேலையாகப் பதினெட்டுக்குப் போய் ஒரு இலையை மடக்கிப் பார்த்தாள். விறைப்பு. கிள்ளினாள், பால் இல்லை. ரெண்டு வரிசையும் இடம் மாறிக் கிடந்தன. அப்போதுதான் அவளுக்கு அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், செடிகளைப் பழைய பந்தலிலிருந்து புது நிழல்வலைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு முறை உண்டு: அட்டை முதலில், தொட்டி அப்புறம். அகராதி ரெஜிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு காலி வரிசைகளில் அட்டைகளை நட்டுக்கொண்டே போவார். தொட்டிகள் பின்னால் தள்ளுவண்டியில் வரும். வண்டியோடு வரும் சீட்டைப் பார்த்து அதே பேர் உள்ள வரிசையில் இறக்க வேண்டும். தொட்டிக்குத் தொட்டி அட்டை கிடையாது, வரிசைக்கு ஒன்றே ஒன்று. அன்றைக்கு வண்டி தள்ளினவர் தண்ணி ஊற்றும் அண்ணன், இறக்கினவள் அவள். ரெண்டு வண்டி சேர்ந்தாற்போல வந்தன. ரெண்டின் சீட்டும் ஒரே வண்டியில் கிடந்தன. எந்தச் சீட்டு எந்த வண்டிக்கு? தண்ணி அண்ணனைக் கேட்டாள். "நான் தள்ளுறதோட சரி காலரக்கா, பேரெல்லாம் எனக்குப் பிடிபடாது" என்றார். அவள் அகராதியிடம் போனாள்.

"அட்டையில எழுதித்தானே வெச்சிருக்கேன்? படிக்கத் தெரியாமத்தான் வேலைக்கு வந்தியா?" என்று அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

சார், படிக்கத் தெரியும், எது எந்தச் செடி என்றுதான் தெரியவில்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செம்பருத்திக்குச் சிரித்த அதே முகங்கள் அங்கே நின்றன. இன்னொரு தடவை கேட்டு மானம் போக அவளுக்கு மனசு வரவில்லை. முன்னால் வந்த வண்டியைப் பதினேழில் இறக்கினாள், பின்னால் வந்ததைப் பதினெட்டில் இறக்கினாள். ஒரே அளவுத் தொட்டி, ஒரே உயரம், பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருந்தன. அகராதி வந்து பார்க்கவில்லை. ரெஜிஸ்டரில் டிக் அடித்தார்.

ஆக, தப்பு அவளுடையது. கத்தினது அவர், இறக்கினது இவள். இப்போது பேர் தெரியும், இப்போது புகார் எழுதலாம். எழுதினால், "யார் இறக்கினது?" என்று முதல் கேள்வியே வரும். பரீட்சைக்கு ஆறு நாள். அவள் புகார்ப் புத்தகம் தொங்கிய ஆணிவரை போனாள், திரும்பி வந்துவிட்டாள். முதலில் நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், செடி எங்கே ஓடிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த ஆறு நாளும் அவள் யாரைத் திட்டினாலும் அதில் பாதி தனக்கே சொன்னதுதான்.

பரீட்சை அன்று நீள மேஜையில் அறுபது பாட்டில். குச்சிகளை வெட்டி வந்தவன் கிளார்க். அகராதி ஒரு தாளில் வரிசை எண்களை எழுதிக் கொடுப்பார், அவன் கத்தரியோடு போய் எண்ணைப் பார்த்து வெட்டி வருவான், விடைகளை அகராதி ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்வார். வருஷம் பூராவும் செடிப் பேராகவே பேசுகிற மனுஷன், பரீட்சைக்குக்கூடச் செடியைப் பார்ப்பதில்லை!

முப்பத்திமூணாம் பாட்டிலுக்கு வந்தாள். ஒல்லி இலை. வெட்டுவாயில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அகராதியின் விடைத்தாளில் இதற்கு என்ன எழுதியிருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

அதைத் தாண்டிப் போய் மற்றதையெல்லாம் எழுதினாள். திரும்பி வந்து கூட்டிப் பார்த்தாள். நிச்சயமாகத் தெரிந்தது முப்பத்தொன்பது. மீதியெல்லாம் குருட்டாம்போக்கு. இந்த ஒன்று இருந்தால் நாற்பது.

பேனா அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றது. எரிச்சலில் அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உண்மையான பேரை ரெண்டு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தவள் அவள். அதை எழுதினால் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு அட்டையில் இருப்பதை எழுதினால் சரி. இது என்ன நியாயம், யார் வீட்டு நியாயம்? நாத்தனாரின் மெஷின் ஞாபகத்துக்கு வந்தது. போடோகார்பஸ் மேக்ரோஃபில்லஸ் என்று எழுதினாள். எழுதி முடித்ததும் பேனாவை மூடி மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

சரியாக நாற்பது வந்தது. மற்ற இருபதில் குருட்டாம்போக்காக எழுதின ஒன்றுகூடத் தேறவில்லை.

"பரவாயில்லையே! காலரக்கா நாற்பது வாங்கிட்டாங்களே!" என்று அகராதியே கை கொடுத்தார். கணவர் சொன்ன சொல் தவறவில்லை, வாயே திறக்கவில்லை, தங்கைக்கு மட்டும் போன் பண்ணி மெஷினை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ரெண்டு நாள் லீவிலும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உட்கார்ந்திருந்தாள்.

"பாஸானதுக்கே இந்த மூஞ்சியா? ஃபெயிலாகியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றார் அவர்.

"சும்மா இருங்க" என்றாள்.

லீவு முடிந்து காலையில் போனபோது பதினேழாம் வரிசை முன்னால் மினி லாரி நின்றுகொண்டிருந்தது. தண்ணி அண்ணனும் டிரைவரும் தொட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசைத் தலையில் பன்னிரண்டு இடம் ஏற்கெனவே காலியாக இருந்தது.

"இது எங்கே போனது?"

"அது முந்தாநாளே போச்சு. ஏதோ வீட்டுக்கு" என்றார் தண்ணி அண்ணன். "மிச்சம் பூராவும் இன்னைக்கு. குழந்தைங்க காப்பகமாம், விளையாடுற இடத்தைச் சுத்தி வேலி போடப்போறாங்களாம்."

 முந்தாநாள். அவள் பரீட்சை எழுதினதுக்கு மறுநாள். அவள் வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நாள்.

அகராதி சீட்டும் பேனாவுமாக வந்தார். "வாங்க, வாங்க. நிரந்தர ஆளுன்னா பொறுப்பு ஜாஸ்தி. லாரியில ஏத்துற சீட்டுல இனிமே உங்க கையெழுத்துதான். போடுங்க."

"போட மாட்டேன் சார். லாரியை நிறுத்துங்க."

"என்னது?"

"இது பொன்னரளி. விஷச் செடி. கஸ்காபெலா தெவேசியா. தொட்டியை இறக்குங்க அண்ணே, ஒண்ணுகூடப் போகக் கூடாது!"

தண்ணி அண்ணன் தூக்கின தொட்டியோடு நின்றுவிட்டார். டிரைவர் பீடியை வாயிலிருந்து எடுத்தான். அகராதியின் முகம் சிவந்தது. "பேர் நாலு தெரிஞ்சதும் தலைகால் புரியலையா? அட்டையில என்ன போட்டிருக்கு?"

"அட்டையைத்தான் ஆறு மாசமா படிச்சிட்டிருக்கீங்க. செடியைப் பாருங்க சார் ஒரு தடவை!"

"பார்க்கணுமா? இரு, காட்டுறேன்." விறுவிறுவென்று ஆபீசுக்குப் போய் ஒரு தாளோடு வந்தார். அவளுடைய விடைத்தாள். டிரைவருக்கும் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்தார். "முப்பத்திமூணாம் பாட்டில். இந்த வரிசையில வெட்டின குச்சி. போடோகார்பஸ்னு யார் எழுதினது? நானா? இது யார் கையெழுத்து?"

"என்னுது."

"அப்ப அன்னைக்கு போடோகார்பஸ், இன்னைக்கு பொன்னரளியா? ரெண்டு நாள்ல செடி மதம் மாறிடுச்சா?"

டிரைவர் சிரித்துவிட்டான். ஆறு மாசத்துக்கு முன்னால் கேட்ட அதே மாதிரிச் சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை அவளுக்குக் காது சுடவில்லை.

"பொய் எழுதினேன்" என்றாள். "குச்சியைப் பார்த்ததுமே பொன்னரளின்னு தெரியும். அப்படி எழுதினா நீங்க தப்புப் போடுவீங்கன்னும் தெரியும். மார்க் வேணும்னு பொய் எழுதினேன். போதுமா? இதையும் கேட்டுக்குங்க, தொட்டியை மாத்தி இறக்கினதே நான்தான். முதல் வாரம். எது எந்த வண்டின்னு உங்ககிட்ட வந்து கேட்டேன், படிக்கத் தெரியாதான்னு கத்தினீங்க. ரெண்டாம் தடவை கேட்க வெக்கமா இருந்துச்சு. பால் வருதுன்னு சொன்னேன், நெத்தியிலயா எழுதுவேன்னு கேட்டீங்க. இப்பப் பாருங்க."

பக்கத்துத் தொட்டியில் ஒரு கிளையை நடுவில் ஒடித்து, அவர் பிடித்திருந்த விடைத்தாளின்மேல் கவிழ்த்தாள். பால் சொட்டியது. முப்பத்திமூணின்மேலும் விழுந்தது, பக்கத்திலும் விழுந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அந்த ஆளுக்குச் செடி தெரியாமல் இல்லை. பார்க்காத குறைதான். தாளைப் பார்த்தார், குனிந்து இலையைப் பிடித்தார், அதன் நடு நரம்பைத் திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"இறக்குங்கப்பா" என்றார் மெதுவாக. "பதினெட்டை ஏத்துங்க." அவர்கள் இறக்க ஆரம்பித்ததும் அவளைப் பாதையோரமாகக் கூட்டிப்போனார். குரலே மாறிவிட்டது, என்னமோ கூடப்பிறந்தவளிடம் பேசுவதுபோல. "நல்லவேளை, சொன்னியேம்மா. இதோட இருக்கட்டும். அட்டையை நான் மாத்தி நட்டுடுறேன். சீட்டு, கீட்டு எதுவும் எழுத வேணாம். முதலாளியம்மாவுக்குத் தெரிஞ்சா உனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். உன் நாற்பது நாற்பதாவே இருக்கட்டும். நான் கண்டுக்க மாட்டேன்."

ஒரு நொடி அவளுக்கும் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். குழந்தைகளுக்குப் போகவிருந்த செடி நின்றுவிட்டது. வேலை நிரந்தரம். குச்சிக் கூடத்தின் கண்ணாடிக் கதவு இங்கிருந்து இருபது அடி. தலையாட்டினால் போதும்.

"அந்தப் பன்னிரண்டு?" என்றாள்.

"எந்தப் பன்னிரண்டு?"

"முந்தாநாள் போச்சே, அது. யார் வீட்டுக்குப் போச்சு? அங்கே யார் யார் இருக்காங்க?"

"அதைப் பார்த்துக்கலாம்மா. பெரியவங்க இருக்கிற வீடாத்தான் இருக்கும். யாராவது வேலியைத் தின்பாங்களா?"

அவ்வளவுதான். ஆறு மாசமாகக் கடித்துக்கொண்டிருந்த பல் அன்றைக்குத்தான் விட்டது. "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? இல்ல, அதுக்கும் அட்டையில பேர் எழுதி வெச்சாத்தான் தெரியுமா? நான் மார்க்குக்காகச் சும்மா இருந்த நாள்லதான் அது போயிருக்கு. அந்தப் பாவம் போதாதா எனக்கு? இன்னும் சும்மா இருக்கணுமா?" அவள் போட்ட சத்தத்தில் குச்சிக் கூடத்துக்குள் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவள் அவர் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவைப் பிடுங்கினாள். விடைத்தாளில் வட்டம் போட்டிருந்த நாற்பதை, தாள் கிழிகிற மாதிரி அடித்தாள். பக்கத்தில் முப்பத்தொன்பது என்று எழுதினாள். தாளை அவர் கையில் திணித்துவிட்டு ஆபீசுக்கு நடந்தாள்.

ஆணியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். வரிசை: பதினேழு. செடியின் பேர்: கஸ்காபெலா தெவேசியா. குறை: பதினெட்டோடு மாறியுள்ளது, பன்னிரண்டு தொட்டி விற்றாகிவிட்டது, விஷம், உடனே சொல்ல வேண்டும். மாற்றி இறக்கியது நான். சொன்னபோது பார்க்காதது சூப்பர்வைசர். கீழே கையெழுத்து. கிளார்க்கின் முன்னால் சீட்டைக் கிழித்துப் போட்டு, "போன் பண்ணு" என்றாள். அவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ரெண்டு தடவை அடித்தும் கிடைக்காமல் மூன்றாவது தடவை கிடைத்தது. அந்த வீட்டுப் பொம்பளைதான் எடுத்தாள். தொட்டிகள் பின்கட்டில் அப்படியே இருக்கின்றன, இன்னும் நடவில்லை, நடலாம் என்று இருந்தோம் என்றாள். பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது போனில் கேட்டது.

நடாதீங்க, யாரும் தொடாதீங்க, இன்னைக்கே வந்து எடுத்துக்கிறோம் என்று அவன் சொல்லி முடிக்கிறவரை அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  அகராதி வாசலில் வந்து நின்றிருந்தார்.  பழைய குரல் திரும்பிவிட்டது. "முப்பத்தொன்பதுன்னா முப்பத்தொன்பதுதான். திரும்ப மண் கொட்டகைதான். ஆறு மாசம் கழிச்சுத்தான் மறு பரீட்சை, தெரியும்ல?"

"தெரியும்" என்றாள். "எழுதுறேன். அன்னைக்கு மட்டும் குச்சியை நீங்களே போய் வெட்டிட்டு வாங்க சார்."

வெளியே வந்து கணவருக்குப் போன் அடித்தாள். "ஃபெயிலாயிட்டேன். மெஷினை யாருக்காவது குடுக்கச் சொன்னீங்களே, அது குடுத்ததாவே இருக்கட்டும். நான் தையலுக்குத் திரும்பிப் போகல. மத்ததெல்லாம் சாயங்காலம் வந்து சொல்றேன், இப்ப வேலை இருக்கு." அவர் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டு, லாரியிலிருந்து தொட்டி இறக்கப் போனாள்.